பழைய காருக்கு வேறொரு பழைய இன்ஜினா, இருப்பதையே பிரித்துக் கட்டுவதா?

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப்புகை. வண்டி சூடேறியதும் ஆயில் விளக்கு மினுக்குகிறது. மேடு ஏறும்போது கீழிருந்து ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இன்ஜின் வேலை வந்துடுச்சு” என்கிறார். ஐம்பது வயதான காரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்கப்போகிற வார்த்தை இது. அன்று இரவே இரண்டு யோசனைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரோ ஒருவர் இதே மாடல் இன்ஜினை விற்கிறார், வாங்கி மாட்டிவிடலாம். இல்லாவிட்டால் இருப்பதை இறக்கி, பிரித்து, லேத்துக்கு அனுப்பி, புதிதாகக் கட்டலாம்.

நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. காரில் இருக்கும் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல், உடையாமல் இருந்தால் அதையே கட்டுங்கள் என்பேன். ஆனால் இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவை சின்னவையும் அல்ல. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் இன்ஜின் நிஜமாகவே போய்விட்டதா?

நீலப்புகை என்றாலே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போச்சு, சிலிண்டரின் உள்சுவரான போர் போச்சு என்று முடிவுகட்டிவிடுகிறோம். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் குபுக்கென்று புகை வந்தால், சந்தேகம் வால்வ் கைடு (வால்வ் ஏறி இறங்கும் குழாய்) மேலும் அதன் சீல் மேலும்தான் முதலில் போக வேண்டும். பிளாக்கின் மேல் மூடிபோல இருக்கும் ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்கிற வேலை அது. மிதிக்கிற நேரமெல்லாம் புகைந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புஸ் புஸ் என்று ஆவி அடித்தால், அப்போதுதான் ரிங்.

கம்ப்ரெஷன் கேஜ் ஒன்று கையில் இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ப்ளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்குமேல் இறங்கினால் அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ கசிகிறது. இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால், பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்திவிட்டு ப்ளக் ஓட்டை வழியாகக் காற்று ஏற்றலாம். கார்புரேட்டரில் ஸ்ஸ் என்று கேட்டால் இன்டேக் வால்வ், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். அரை நாள் வேலை. இதைச் செய்யாமலே இன்ஜினை இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ‘டொக் டொக்’ மட்டும் கீழே, கனெக்டிங் ராடு க்ராங்க்கைப் பிடிக்கும் முனையான பிக் எண்டிலிருந்து வந்தால் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு ப்ளக் ஒயராகக் கழற்றிப் பார்க்கும்போது, ஒரு சிலிண்டரில் சத்தம் அடங்குகிறது என்றால் அதன் பேரிங்தான். அதோடு வண்டியை ஓட்டாதீர்கள். இன்றைக்கு க்ராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) கிரைண்ட் பண்ணினால் போதும் என்கிற நிலை, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதில் முடியலாம்.

சரி, இன்ஜின் போனது உறுதி என்றே வைத்துக்கொள்வோம்.

பழைய இன்ஜின் ஒன்றை வாங்குவதில் இருக்கும் ஈர்ப்பு புரிந்துகொள்ளக்கூடியதுதான். முதலில் வேகம். எல்லாம் சரியாக அமைந்தால் இரண்டு வாரயிறுதிகளில் வண்டி ஓடும். கூடவே கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், மானிஃபோல்ட் என்று உதிரிகள் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் காரில் யாரோ கழற்றி எறிந்த பிராக்கெட்டுகள்கூட அதில் கிடைக்கலாம். விலையும் ஒரு முழு ரீபில்டோடு ஒப்பிட்டால் சின்னதாகத் தெரியும்.

ஆனால் அந்தப் பணத்துக்கு நீங்கள் வாங்குவது என்ன? அதே வயதுள்ள, அதே இடங்களில் தேய்கிற, உங்களுக்கு வரலாறு தெரியாத இன்னொரு இன்ஜின். “நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது இறக்கியது” என்பார் விற்பவர். எத்தனை வருடத்துக்கு முன்னால் இறக்கியது, ஏன் இறக்கினார், அப்புறம் அது எங்கே கிடந்தது என்று கேட்டுப் பாருங்கள். ப்ளக் ஓட்டைகள் திறந்தபடி ஈரமான கொட்டகையில் கிடந்த இன்ஜினில் ரிங்குகள் நின்ற இடத்தில் சிலிண்டர் துருவேறி வளையமாகக் குழிந்திருக்கும். கையால் சுற்றினால் சுற்றும். காரில் ஏற்றி ஓட்டினால் ஆயில் குடிக்கும்.

இங்கே பெரும்பாலானோர் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றுதான். பழைய இன்ஜினுக்கு அது உதவாத கேள்வி. கேட்க வேண்டியது, உள்ளே இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. ஒவ்வொரு முறை போர் பண்ணும்போதும், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும்போதும், அதன் சுவரில் கொஞ்சம் போகிறது. ஒவ்வொரு முறை கிரைண்ட் பண்ணும்போதும் க்ராங்க் கொஞ்சம் மெலிகிறது. பல இன்ஜின்களுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.020, 0.030, 0.040, 0.060 அங்குலம் என்ற படிகளில் கிடைக்கின்றன. க்ராங்க்குக்கு 0.010, 0.020, 0.030 என்று அண்டர்சைஸ் பேரிங்குகள். கடைசிப் படியைத் தொட்டுவிட்ட இன்ஜினுக்கு அடுத்த ரீபில்ட் கிடையாது. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்னும் புதுக் குழாயைப் போட வேண்டும், அல்லது வேறு க்ராங்க் தேட வேண்டும்.

நல்லவேளையாக இந்தக் கணக்கு இன்ஜினுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் குத்தப்பட்டிருப்பது வழக்கம். ப்ளக் ஓட்டை வழியாகக் கேமராவை விட்டால் சில சமயம் அதைப் படித்துவிடலாம். பேரிங் ஓட்டின் முதுகில் அதன் அளவு இருக்கும். ஆகவே வாங்கப்போகும் இன்ஜினில் ஒரே ஒரு காரியம் செய்ய அனுமதி கிடைக்கும் என்றால், அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி ஒரு பிக் எண்ட் மூடியைத் திறந்து பாருங்கள். பேரிங் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. செம்பு தெரிந்தால் மேற்பூச்சு போய்விட்டது. முதுகில் 0.030 என்று இருந்தால், சத்தமில்லாமல் ஓடினாலும் அந்த க்ராங்க் கடைசிப் படியில் நிற்கிறது. இவ்வளவும் பார்க்க விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம், அல்லது வெறும் பிளாக்குக்கான விலையை மட்டும் கொடுங்கள்.

வண்டியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் என்றால் கதை வேறு. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வதை நேரில் பாருங்கள். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார். நன்றாகச் சூடேறியபின் ஆயில் பிரஷர் 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்ற கணக்கில் நின்றால், பல பழைய இன்ஜின்களுக்கு அது போதும். கிளட்ச்சை ஒருவர் மிதிக்க, முன்னால் இருக்கும் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னே நகர்ந்தால், க்ராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் அதே புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பார்கள். அங்கே அனுமதி 0.15 மி.மீ. வரைதான். டக் டக் என்று ஆடினால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது பிரிக்க வேண்டிய இன்ஜின்.

ஒரே மாடல் என்று சொல்லப்படுவது ஒரே மாடல் அல்ல என்பதில் நான் சொந்தமாக ஒரு பாடம் படித்தேன். நண்பரின் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்ஜின் தேடினோம். 1962இல் வந்த அந்தக் காரில் முதல் இரண்டு வருடம் மூன்று மெயின் பேரிங் கொண்ட க்ராங்க், 1964 இறுதியிலிருந்து ஐந்து பேரிங். இரண்டுமே 1798 சிசி, தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிறவிகள். ஐந்து பேரிங் கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று சந்தோஷமாக வாங்கி வந்தோம். அது 1967க்குப் பிறகு மாற்றப்பட்ட கியர்பாக்ஸுக்கான இன்ஜின். பின்தகடும் ஃப்ளைவீலும் வேறு. கியர்பாக்ஸோடு சேராமல் செயினில் தொங்கிக்கொண்டிருந்த இன்ஜினை ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி கீழே இறக்கினோம். சரியான உதிரிகளைத் தேடுவதிலேயே, வேகம் என்ற அந்த ஒரே லாபமும் கரைந்துபோனது.

எம்ஜிபிக்கு மட்டும் உள்ள நோய் இல்லை இது. ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 1955இலிருந்து வருகிறது, எதையும் எதோடும் மாட்டலாம் என்று பெயர் வாங்கியது. அதிலேயே 1986இல் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே வளையமாக மாறியபோது க்ராங்க்கின் பின்முனையும் மாறியது. முந்தைய ஃப்ளைவீல் அதில் ஏறாது. பீட்டிலில் 6 வோல்ட் வண்டியின் ஃப்ளைவீலுக்கு 109 பல், 12 வோல்ட் வண்டிக்கு 130. இன்ஜின் எண்ணின் முன்னெழுத்துகளை எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் காரின் கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், மவுண்டிங் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

இனி ரீபில்ட். இதன் பெருமை எல்லோருக்கும் தெரியும், ஆகவே அதன் தொல்லைகளிலிருந்தே தொடங்குகிறேன். முதல் தொல்லை, எங்கே முடியும் என்று தெரியாது. பிளாக்கைக் கொதிக்கும் ரசாயனத் தொட்டியில் போட்டுக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று காந்தச் சோதனை செய்து, அளந்து பார்த்தபின்தான் லேத்காரரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை சொல்லும் தொகை எல்லாம் ஊகம். அப்புறம் நம் ஆசை வேறு. இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச்சை மாற்றிவிடலாமே, இன்ஜின் பேவுக்குப் பெயின்ட் அடித்துவிடலாமே, ஒயரிங்கையும்தான் பார்த்துவிடலாமே. பிரித்துப் போட்ட நிலையிலேயே வருடக்கணக்கில் நின்றுபோன கார்களில் பாதி இப்படித்தான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, உதிரிகள். எம்ஜிபி, மினி, பீட்டில், ஸ்மால் பிளாக் போன்றவற்றுக்குப் பிஸ்டனிலிருந்து கடைசி கேஸ்கெட் வரை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஷெவர்லேயின் 350 கன அங்குல இன்ஜினை 0.030 அங்குலம் போர் பண்ணி 355 ஆக்குவது அங்கே அன்றாட வேலை. எம்ஜிபியை 0.060 வரை கொண்டுபோனால் 1798 சிசி 1868 ஆகும். ஆனால் குறைவாகத் தயாரிக்கப்பட்ட கார் என்றால், ஓவர்சைஸ் பிஸ்டன் கையில் வரும்வரை சிலிண்டரைத் தொடக்கூட விடக்கூடாது. பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் போர் பண்ண வேண்டும், மாற்றிச் செய்தால் மாட்டிக்கொள்வோம். சிட்ரோயன் டிஎஸ், பெஜோ 504 போல வெட் லைனர் (தண்ணீர் சூழ நிற்கும், தனியாகக் கழற்றக்கூடிய சிலிண்டர் குழாய்) உள்ள இன்ஜின்கள் இந்த விஷயத்தில் வரம் வாங்கியவை. லைனரும் பிஸ்டனும் ஜோடியாக வரும், பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம், போர் பண்ணும் பேச்சே இல்லை. உங்கள் கார் அப்படிப்பட்டது என்றால் தராசு அப்போதே ரீபில்ட் பக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றாவது தொல்லையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புதிதாகக் கட்டிய இன்ஜின் சாவதற்கு ஏற்ற நேரம் அதன் முதல் அரை மணி நேரம். பழைய கார்களில் பலவற்றில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் மேல், அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட் உரசியபடி நகரும். அந்த இரண்டு பரப்புகளும் ஒன்றோடொன்று பழக, ஸ்டார்ட் ஆனவுடனே 2000 ஆர்பிஎம் அளவில் 20 நிமிடம் ஓட வேண்டும். ஐடிலில் விட்டால் கேமுக்கு ஆயில் தெறிப்பது போதாது, அதன் மேடான பகுதியான லோப் அங்கேயே தேயத் தொடங்கும். ஆகவே ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயில் பம்ப்பைச் சுழற்றிப் பிரஷர் ஏற்றியிருக்க வேண்டும், டைமிங் சரியாக இருக்க வேண்டும், கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்திருக்க வேண்டும், தண்ணீர் ஒழுகக்கூடாது. ஆயிலிலும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்பு போதிய அளவு இருக்க வேண்டும். இப்போதைய கார்களுக்கான ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். ஏற்கெனவே ஓடிப் பழகிய இன்ஜினை வாங்கியவருக்கு இந்தப் பதற்றம் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி நான் ரீபில்ட் பக்கம் நிற்பதற்குக் காரணம், முடிவில் கையில் இருப்பது அளவுகள் தெரிந்த ஒரு பொருள் என்பதுதான். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு, ஒவ்வொரு பேரிங்குக்கும் இடைவெளி எவ்வளவு, எந்த ஓவர்சைஸில் நிற்கிறது என்று ஒரு தாளில் இருக்கும். பேரிங்குக்குள் சுழலும் பகுதியான க்ராங்க் ஜர்னலின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் இடைவெளி என்பது பழைய கணக்கு. 2 அங்குல ஜர்னலுக்கு 0.002. அதை நீங்களே பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு நூலை வைத்து அழுத்தி அளந்துவிடலாம். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வார்ப்பிரும்பு ஹெட் என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வ் சீட் போட்டுக்கொள்ளலாம். அந்த ஈயம்தான் சீட் தேயாமல் காத்துவந்தது. வெளியிலிருந்து வாங்கும் பழைய இன்ஜினில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்பது ஹெட்டைக் கழற்றாமல் தெரியாது. ஹெட்டைக் கழற்றுகிறோம் என்றால், கேஸ்கெட் போடுகிறோம், வால்வ் கிரைண்ட் பண்ணுகிறோம், அப்படியே ரிங்கையும் பார்க்கிறோம். மலிவாக வாங்கிய இன்ஜினிலும் பாதி ரீபில்ட் இப்படி வந்து சேர்ந்துவிடும்.

காரின் எண் விஷயமும் இருக்கிறது. தொழிற்சாலையில் போட்ட அதே இன்ஜின், அதே எண்ணோடு காரில் இருந்தால் பிற்காலத்தில் மதிப்பில் பெரிய வித்தியாசம் வரும். அரிதான மாடல்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். லட்சக்கணக்கில் தயாரான சாதாரண மாடலுக்கு இதை அவ்வளவு பெரிதுபடுத்த வேண்டியதில்லை, ஆனால் பதிவுச் சான்றில் இன்ஜின் எண் இருக்கும் இடங்களில் அதை மாற்றிப் பதிய அலைய வேண்டும். நம் இன்ஜினைக் கொடுத்துவிட்டு, கட்டித் தயாராக வைத்திருக்கும் இன்னொன்றை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் முறையில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போன பிளாக் திரும்பி வராது.

“ரீபில்ட் செய்தது, இன்னும் ஓட்டவே இல்லை” என்று விற்கப்படும் இன்ஜின்களைப் பற்றி ஒரு வார்த்தை. லேத் பில், அளவுத் தாள், கட்டும்போது எடுத்த படங்கள், இவை இருந்தால் மூன்று வழிகளிலும் இதுவே சிறந்ததாக இருக்கலாம். எதுவும் இல்லாமல் பிளாக்கில் புதுப் பெயின்ட் மட்டும் இருந்தால், பெயின்ட்டைத்தான் வாங்குகிறீர்கள். பத்து வருடம் சும்மா நின்ற இன்ஜின் என்றால், கட்டும்போது தடவிய பசையாயில் எப்போதோ வழிந்து காய்ந்திருக்கும். அதையும் பிரித்துப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

அப்படியானால் பழைய இன்ஜின் எப்போது சரி? உங்கள் பிளாக்கில் ராடு துளைத்திருந்தால், உறைபனியில் தண்ணீர் உறைந்து வெடித்திருந்தால், அல்லது சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் ஓடியிருந்தால் வேறு பேச்சே இல்லை. ஜாகுவாரின் 4.2 லிட்டர் எக்ஸ்கே பிளாக்கில் அந்த நடுவிரிசலைத் தேடிப் பார்ப்பது வழக்கமான வேலை. இரும்பைத் தைத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், கிடைக்கக்கூடிய பிளாக்குக்கு அந்த வைத்தியம் தேவையில்லை. அப்போதும் வாங்குவதை ‘கட்டப்போகும் பிளாக்’ என்று நினைத்து வாங்குங்கள், ஓடினால் அதிர்ஷ்டம். இரண்டாவது, நீங்கள் காரில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த, உடைக்கப்போகும் வண்டியிலிருந்து வரும் இன்ஜின். பாடி துருவேறிப்போன நல்ல ஓட்டக் கார் ஒன்று முழுதாகக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், கியர்பாக்ஸோடு சேர்த்து வாங்கிவிடலாம்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. கார் தினமும் தேவை, ரீபில்டுக்கு ஒரேயடியாகப் பணமும் இல்லை. சுமாரான ஓர் இன்ஜினை வாங்கி மாட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு, சொந்த இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றி நிதானமாகக் கட்டலாம். சுமாரானது என்பதற்காக அப்படியே தூக்கி மாட்டிவிடாதீர்கள். வெளியே இருக்கும்போதே பின் ஆயில் சீல், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் கோர் ப்ளக்குகள், வாட்டர் பம்ப், கிளட்ச் ரிலீஸ் பேரிங் நான்கையும் மாற்றிவிட வேண்டும். காரில் ஏறியபிறகு இவற்றில் சிலவற்றுக்காகவே மறுபடி இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டிவரும்.

ஸ்டாண்டில் நிற்கும் உங்கள் பிளாக்குக்கும் கொஞ்சம் கவனம் தேவை. சிலிண்டர்களில் கெட்டியாக ஆயில் தடவி பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுங்கள். மெயின் பேரிங் மூடிகளை ஒன்றிலிருந்து வரிசையாக எண் குத்தி, அதே திசையில், அதே இடத்தில், போல்ட் போட்டே வையுங்கள். அந்த மூடிகளைப் பிளாக்கில் மாட்டிய நிலையில்தான் தொழிற்சாலையில் ஒரே நேர்கோட்டில் துளையிட்டிருப்பார்கள். வேறொரு பிளாக்கின் மூடி அதில் பொருந்தாது, இடம் மாற்றிப் போட்டால் அதே பிளாக்கின் மூடியும் பொருந்தாது. ஒன்று தொலைந்தால் முழு வரிசையையும் மறுபடி லேத்தில் துளையிட வேண்டியிருக்கும்.